சேலைக்குப் பின்னால் சாப்பிட்ட மீன்

பீரோவின் அடித்தட்டில் கரும்பச்சை நூல் சேலை ஒன்று கிடக்கிறது. கட்டுவதற்கு லாயக்கில்லை. ஓரமெல்லாம் உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது. நடுவில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் அதை எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப மடித்து வைத்துவிடுவேன். நான் கட்டியதைவிட அந்தச் சேலையை ஒரு மீன் தொட்டி கட்டியிருந்த நாள்தான் அதிகம்.

என் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் மீன் தொட்டி பராமரிக்கும் வேலையில் இருந்தவர். அங்கே பணக்கார வீடுகளில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளத்தையும் மீனையும் உள்ளே வளர்ப்பார்களாம். கண்ணாடி துடைப்பது, உப்பின் அளவு பார்ப்பது, தீனி வைப்பது எல்லாம் இவர் பாடு. கல்யாணத்துக்குப் பிறகும் லீவில் வருவார், விமானம் ஏறுவார். அப்புறம் ஒருமுறை பெட்டியோடு வந்து, இனிமேல் போகப் போவதில்லை என்றார். நான் காரவள்ளிக்காரி, கொல்லிமலை அடிவாரத்தில் வயற்காட்டுக்குள் வளர்ந்தவள். கீழே மிக்ஸியும் மோட்டாரும் ரிப்பேர் செய்யத் தெருவுக்கு ஓர் ஆள் இருக்கிறார், மலைமேல் ஆள் இல்லை என்று கணக்குப் பார்த்து, செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு பிடித்தோம். முன்னறை கடை. பின்னால் நாங்கள்.

போவதில்லை என்று வாய்தான் சொன்னது. ஆள் விருந்தாளி மாதிரியே இருந்தார். கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கவே இல்லை. வேண்டியதை அதிலிருந்தே எடுப்பார், துவைத்ததை அதிலேயே வைப்பார். அங்கிருந்து முதலாளியின் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “சும்மாதான் கூப்ட்டாங்க” என்பார். சும்மா கூப்பிடுவதற்கு யாராவது அத்தனை தூரத்திலிருந்து போன் போடுவார்களா?

சாப்பாட்டு விஷயம் அதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சாப்பிட உட்காரவைத்தால் பக்கத்திலேயே கரண்டியோடு நிற்போம். போதும் என்று கையை இலைக்கு மேல் வைத்து மறைத்தால் கையின் மேலேயே போடுவோம். அப்படிப் போட்டால்தான் மரியாதை. இவரோ தட்டில் வைத்ததில் பாதியைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார். “இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க” என்று நான் குனிவதற்குள் கை கழுவும் சத்தம் கேட்கும். என் சமையல் ஊரில் பேர் வாங்கிய சமையல். மாமியார் வீட்டில் குறை சொல்ல வந்தவர்கள்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கையால் போட்டதைத் தாலி கட்டியவர் பாதியில் விட்டுப் போனால் எப்படி இருக்கும்? எனக்கு நெஞ்சே ஆறவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் இவர் வீட்டுக்குள் ஒரு தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். கடல் மீன் தொட்டி. கொல்லிமலையில். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொட்டி வைத்தவர் அதை அம்போ என்று விட்டுவிட்டு விமானம் ஏறமாட்டார் இல்லையா? அதனால் நடு அறையில் இருந்த என் தையல் மெஷினை நானே ஓரத்துக்குத் தள்ளி இடம் விட்டேன்.

பெட்டியில் வரும் கடல் உப்பை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து ஊற்றினார். துளை துளையான செயற்கைக் கற்களை அடுக்கினார். மார்கழிக் குளிரில் நாங்கள் சொட்டரும் மப்ளருமாக நடுங்கிக்கொண்டிருந்தபோது மீன்களுக்கு மட்டும் ஹீட்டர் ஓடியது. “எங்களுக்கு வெந்நி வெக்க யோசிக்கறீங்க, அதுகளுக்கு நாள் முச்சூடும் வெந்நித் தண்ணியா?” என்று கேட்டேன். வந்ததிலிருந்து முதல்முறையாக அன்றைக்குத்தான் இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கோமாளி மீன்கள் முதலில் வந்தன. போட்டதையெல்லாம் தின்று, எனக்குப் பிடித்த பிள்ளைகளாகிவிட்டன. அதற்குப் பிறகு பட்டாம்பூச்சி மீன் ஒன்று கேட்டிருந்தார். பட்டாம்பூச்சி மீனிலேயே பல வகை உண்டாம். தீனி எதுவானாலும் தின்னும் வகையைத்தான் கேட்டிருந்தார். கடலோர ஊரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில், தெர்மாக்கோல் பெட்டிக்குள், பஸ் மாறி பஸ் ஏறி அது வந்தது. காரவள்ளி தாண்டினால் வருகிற மலைப்பாதை வளைவுகளில், அந்த ஊரிலேயே பிறந்த எனக்கே குடலைப் புரட்டும். அந்தப் பெட்டி எப்படி உருண்டிருக்குமோ. பையைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு இவர் குனிந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“மாத்தி அனுப்பிட்டாங்க புள்ள.”

மஞ்சள் உடம்பு. அதில் மெல்லிசு மெல்லிசாக ஊதாக் கோடுகள். கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வாய் மட்டும் ஊசி நுனி போல இத்துனூண்டு. எனக்கென்னவோ கொள்ளை அழகாகத்தான் தெரிந்தது. “இதுக்கு என்னங்க கொறச்சல்?” என்றேன்.

“இது பவளத்தத் தவிர எதையுந் தொடாது. உசுருள்ள பவளம். அங்க அதுக்குன்னே பவளம் வளத்துக் குடுப்போம். இங்க பவளத்த ஊட்டுல வெச்சிருந்தாலே கேசு.”

திருப்பி அனுப்பினால் இன்னொரு பயணத்தைத் தாங்காது. மீனை அனுப்பிய கடைக்காரரும் ஒரே வலையில் வந்தது, கை மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை மீன் தின்னுமா? கல்லிடுக்கில் போய்ப் பதுங்கிய அது அங்கேயே நின்றது. கோமாளிகளுக்குத் தீனி போட்டால் எட்டிப் பார்க்கும். துணுக்கு மூக்குக்கு நேரே மிதந்து போனாலும் வாய் திறக்காது. எனக்கு இதே வீட்டில் பழக்கமான கதைதான். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்துவிட்டது.

பவளம் தின்னும் மீன்களுக்கென்றே விற்கிற ஒரு மாவை எங்கேயோ சொல்லி வரவழைத்தார். கொதிக்கிற தண்ணீரில் கலக்கினால் இறுகுமாம். இறுகுவதற்குள் அதைக் கல்லின் துளைகளில் அப்பி, தொட்டிக்குள் வைத்தால், பவளம் என்று நினைத்துக் கொத்தினாலும் கொத்தலாம். பழகும்வரை ஆசை காட்ட, நாமக்கல் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வைத்து வந்த இறாலையும் மட்டிச் சதையையும் அரைத்து, இரண்டு சொட்டுப் பூண்டுச் சாறும் சேர்க்க வேண்டும். பூண்டு வாசத்துக்கு மீனுக்கும் பசி எடுக்கும் என்று இவர் சொன்னபோது, இது நம்ம ஊட்டுக் குழம்பு மாதிரி ஆச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் கிண்டியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டி கட்டியாக நின்றது. கரண்டியை வாங்கி, தண்ணீர் தளதளக்கும்போது மாவைத் தூவி ஒரே பக்கமாகக் கிண்டினேன். பளபளவென்று வந்தது. ராகி மாவானால் என்ன, மீன் மாவானால் என்ன, களி களிதான். அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டில் முதல் களி மீனுக்கு, அடுத்த களி மனுசருக்கு. சூடு ஆறுவதற்குள் கட்டைவிரலால் கல்லின் துளை துளையாக அழுத்தி அடைப்பேன். விரலிலிருந்து மட்டி நாற்றம் சாயங்காலம்வரை போகாது.

மீன் அந்தக் கல்லைச் சுற்றி வரும். ஒரு கண்ணால் சாய்த்துப் பார்க்கும். வாயை அருகில் கொண்டுபோகும். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். விருட்டென்று இடுக்குக்குள் போய்விடும்.

யாராவது என்றால், ஊரே என்று அர்த்தம். செம்மேட்டில் கடல் மீன் என்ற பேச்சுப் பரவிவிட்டது. மிக்ஸி ரிப்பேருக்கு வந்தவர்கள் மிக்ஸியை மறந்துவிட்டு உள்ளே வந்தார்கள். சந்தை நாளில் மலைக்குள் தள்ளியிருக்கும் எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்து மிளகும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கோமாளியைப் பார்த்துச் சிரிப்பார்கள். இடுக்கில் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறி, “ஏனுங்க, அது சாப்புடுலீங்களா?” என்பார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு மானம் போனது. என் வீட்டுக்கு வந்து ஒரு ஜீவன் பட்டினி கிடக்கிறது என்று மலை முழுக்கத் தெரிந்துவிட்டதே.

எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் தாங்கவே முடியவில்லை. மலைக்காரர், தோட்டத்தில் மிளகு போட்டிருக்கிறார். பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. தெரு நாய் படுத்திருந்தால்கூட எழுப்பிச் சோறு வைப்பார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் வந்து, கொண்டுவந்த சாமைச் சோற்றில் ஒரு உருண்டையும், மலை வாழைப்பழத்தில் ஒரு துண்டும் தொட்டிக்குள் போட்டிருக்கிறார். நான் உள்ளே வந்தபோது அக்கா கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்து, “ஒரு வாய், ஒரே வாய் தின்னு சாமி” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

என்னவென்று திட்டுவது? அவர் இடத்தில் நான் இருந்தால் குழம்பும் ஊற்றியிருப்பேன்.

மதியத்துக்குள் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. கோமாளிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை இறைத்து, புதிதாக உப்புக் கரைத்து ஊற்றினார். வாயைத் திறந்து கத்தியிருந்தால் நானும் இரண்டு கத்தி, மனசு லேசாகியிருக்கும். கத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்து சொன்னார்.

“இது இருக்குற மெலிவுக்கு இன்னி ரொம்ப நாள் தாங்காது. இது போயிருச்சுன்னா தொட்டியக் காலி பண்ணிர்றேன். அங்கிருந்து கூப்ட்டுட்டேதான் இருக்காங்க. நானும் போயர்றேன். எனக்கு இங்க ஒண்ணும் ஒட்ட மாட்டீங்குது.”

உள்ளுக்குள் இருந்ததை அவர் வெளியே சொன்னது அன்றுதான். மனுசரைப் பிடித்து நிறுத்த முடியாது, அந்த மீனையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. விரற்கடை உடம்பு. அதன் வயிற்றில்தான் என் குடித்தனமே இருந்தது.

மறுநாள் காலையில் கல்லுப்பும் வரமிளகாயும் எடுத்து வந்து தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எதிர்வீட்டுக் கண்ணு எல்லாம் போகட்டும் என்று முணுமுணுத்தேன். இவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“உப்புத் தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு உப்புச் சுத்திப் போடறயா?”

“நீங்க போயி மிக்ஸியப் பாருங்க” என்றேன்.

மிளகாயை அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. கண்ணு பட்டதுதான் என்று உறுதியாகிவிட்டது. எங்கள் ஊரில் குழந்தைக்குச் சோறூட்டும்போது தெருவில் ஆள் வந்தால் முந்தானையை இழுத்து மறைத்துக்கொள்வோம். சாப்பிடுகிற வாயை நாலு பேர் பார்க்கக் கூடாது. குழந்தைக்குச் செய்வதை மீனுக்குச் செய்தால் என்ன? கொடியில் கிடந்த அந்தக் கரும்பச்சைச் சேலையை எடுத்து, தொட்டியை நாலு பக்கமும் சுற்றி, துணிக் கிளிப் போட்டு இறுக்கினேன். களி கிண்டி, கல்லில் அப்பி, மேல் வழியாக உள்ளே இறக்கி வைத்தேன். பார்க்க வந்தவர்களை, மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலோடு அனுப்பினேன். எங்கே அந்தப் புளுகைக் கற்றேனோ, அக்காகூட நம்பி, வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் செருகினேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வைத்த களி அப்படியே இருந்தது, கோமாளிகள் வந்து ஓரம் ஓரமாகக் கடித்ததைத் தவிர. அதற்கும் அடுத்த நாள், மலைக் குளிருக்கு வெயில் கொஞ்சம் ஏறி, ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்த நேரம், சேலையின் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

மீன் கல்லுக்கு முன்னால் நின்றது. தலையைச் சாய்த்தது. ஊசி வாயால் ஒரு கொத்து. மறுபடியும் ஒரு கொத்து. அப்புறம் கோழி முற்றத்தில் கொத்துவது மாதிரி, துளை மாற்றித் துளை, கொத்திக்கொண்டே போனது. கட்டைவிரலால் நான் அழுத்தி வைத்த இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நான் அங்கே நிற்பது தெரிந்தால் அது நிறுத்திவிடுமே.

நுனிக் காலில் கடைக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள். “ஏனுங்க” என்றேன். நிமிர்ந்தார். “சாப்புட்டிருச்சுங்க.”

யார் என்று கேட்கவில்லை. கையில் டெஸ்டரோடு அப்படியே உள்ளே வந்தார். ஒரே ஓட்டை. அவர் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். அப்புறம் நான் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டேன். குத்துக்காலிட்டு, சேலையில் கண்ணை வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஆள் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

“யாருமில்லீன்னு நெனச்சுத் திங்குது” என்றார், மெதுவாக, சேலையைப் பார்த்தபடியே. “அங்க எனக்கும் அப்பிடித்தான். ஊட்டுக்காரங்க பாத்துட்டா வேல நேரத்துல திங்கறான்னு கம்பெனிக்குப் போன் போட்டுருவாங்க. தொட்டிக்குப் பின்னால மோட்டார் வெக்கற சந்து ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள செவத்தப் பாத்து நின்னுட்டு, அவசர அவசரமா முழுங்கறது. இப்பவும் யாராச்சும் பக்கத்துல நின்னா தொண்டைல எறங்க மாட்டீங்குது.”

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். தினமும் போனில் “சாப்ட்டீங்களா” என்று கேட்டிருக்கிறேன். “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லியிருக்கிறார். எங்கே, எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. சந்துக்குள் சுவரைப் பார்த்து நின்ற அந்த மனுசரை நினைக்க நினைக்க எனக்கு அழுகை நிற்கவில்லை. அங்கிருந்த முதலாளிமார் மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு அவரைக்கொட்டைக் குழம்புக்குக் காரம் கூடிவிட்டது.

அந்தப் பட்டாம்பூச்சி மீன் எங்களோடு வருடக்கணக்கில் இருந்தது. சேலையை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். கடைசியில் நான் களிச் சட்டியோடு வருவதைப் பார்த்தாலே கண்ணாடிக்கு ஓடிவரும் அளவுக்குச் சலுகை எடுத்துக்கொண்டது. என் விரலிலிருந்தே கொத்தும். எதிர்வீட்டு அக்கா தன் வேப்பிலைதான் பிழைக்க வைத்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். இருக்கட்டும். அது வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகு தொட்டியில் கோமாளிகளின் வாரிசுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு எதைப் போட்டாலும் தின்னும், அதனால் களி கிண்டுகிற வேலை இல்லை. காலையில் அடுப்படிக்குப் போனால் கை தன்னாலே சின்னச் சட்டியைத் தேடுகிறது. அந்த மட்டி நாற்றத்துக்காக ஏங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மீன் முதல்முதலாகக் கொத்திய அந்தக் காலையைவிட, அன்றைய மதியம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. ராகிக் களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினேன். தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாகக் கரண்டியோடு நிற்கிற இடத்தில் நான் நிற்கவில்லை. அடுப்படிக்குள் போய், சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். போட்டுவிட்டுப் போவதா, இது என்ன பழக்கம், அம்மா பார்த்தால் காறித் துப்புவாள் என்று உடம்பு கூசியது. கரண்டி பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எழுந்துவிட்டாரோ என்று காதைத் தீட்டினேன். கை கழுவும் சத்தமும் வரவில்லை. சொம்பு நகர்ந்தது. தட்டை வழிக்கும் விரல் சத்தம் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் வீட்டிலோ கேட்கிற மாதிரி கூச்சத்தோடு குரல் வந்தது.

“ஏம்புள்ள, இன்னுங் கொஞ்சங் களி இருக்குதா?”

இருந்தது. சட்டி நிறைய இருந்தது.